கடைமடை வரை கல்வி

    

ஓர் இலக்கிய வட்டத்துக்குப் பத்து வயது நிறைவது சிறிய செய்தியன்று. ஊதியம் தரும் நிறுவனம் ஆணையின் வலிமையால் நடக்கும். ஊதியம் தராத சங்கத்தில் ஆணைக்கு இடமில்லை. தலைவர் அழைக்கலாம், வராதவரைக் கேள்வி கேட்க இயலாது. செயலாளர் கடிதம் எழுதலாம். விடை எழுதாதவர் மேல் நடவடிக்கை எடுக்க இயலாது. அதிகாரம் இல்லாத இடத்தில் தலைமை எவ்வாறு நிகழ்கிறது என்பது பத்தாம் ஆண்டு விழா ஒன்றில் எண்ணிப்பார்ப்பதற்குரிய பொருள். அதனைப் பொதுப்பட ஆராய்வதினும், இவ்வட்டாரத்து மக்களுடைய வாழ்வைத் தொட்ட ஒரு துறையின் வழியே ஆராய்வது பயன் தரும். அத்துறை தொலைநிலைக் கல்வி. அஞ்சல்வழிக் கல்வி என்ற பழைய பெயரே இவ்வூர் மக்களின் நாவில் இன்னும் வழங்குகிறது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 ஆம் ஆண்டு தோற்றம் பெற்றது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் ஓயாது இயங்குவன. அங்கே முறைப்பணி பார்க்கும் தொழிலாளி, கல்லூரியில் மணி அடிக்கும் நேரத்தில் சுரங்கத்தில் இருப்பார். அல்லது இரவுப்பணி முடித்து வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும், பலாப்பழ மண்டியில் கணக்கெழுதும் இளைஞருக்கும் நிலைமை அதுவே. பள்ளியிறுதியோடு படிப்பு நின்றுபோன இத்தகையோரின் வீட்டுக்கு ஒருநாள் அஞ்சற்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவருகிறார். பிரித்தால் உள்ளே பாடப் புத்தகங்கள். வேலை முடிந்த இரவில், பிள்ளைகள் உறங்கிய பின், அந்தப் புத்தகம் திறக்கப்படுகிறது. இவ்வூர்க் குடும்பங்களில் முதல் பட்டதாரி உருவான கதைகளுள் பல இப்படித் தொடங்கியவை.

அந்தப் பொட்டலத்தை அனுப்பியவர் யார்? அதனுள் இருந்த பாடம் தரமானது என்று உறுதி கூறியவர் யார்? படித்து முடித்துப் பெறும் பட்டம் வேலை கேட்கும் இடத்தில் செல்லும் என்பதற்குப் பொறுப்பேற்றவர் யார்? மாணவர் அவர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்களும் மாணவரைப் பார்த்ததில்லை. முகம் காணாத மாணவர்க்குப் பொறுப்பேற்பதே இத்துறையில் தலைமை என்பதன் பொருள்.

வகுப்பறை ஆசிரியர்க்கு ஒரு வசதி உண்டு. பாடம் விளங்காதபோது மாணவரின் முகமே அதனைச் சொல்லிவிடும். உடனே வேறோர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்கலாம். தொலைநிலைக் கல்வியில் அவ்வசதி இல்லை. அங்கே கற்பித்தல் என்னும் ஒரே செயல் பல கைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஒருவர் பாடத்தை எழுதுகிறார், வேறொருவர் செப்பனிடுகிறார், அச்சகம் அச்சிடுகிறது, அஞ்சலகம் கொண்டுசேர்க்கிறது. மாணவர் எழுதியனுப்பும் ஒப்படைப்பை முன்பின் அறியாத ஒருவர் திருத்துகிறார். தொடர்பு வகுப்பில் மற்றொருவர் ஐயம் தீர்க்கிறார். இக்கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும் எஞ்சியவை பயனற்றுப் போகும். எவ்வளவு சிறந்த பேராசிரியர் எழுதிய நூலாயினும், தேர்வுக்குப் பத்து நாள் முன்னர் வந்து சேருமானால் அது வராத நூலுக்கு நிகரே.

உழவர்க்கு இவ்வுண்மை நன்கு தெரியும். மதகைத் திறந்தவுடன் தலைமடை வயல் நிறைந்துவிடும். அதனைக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்புகிறவர் நல்ல நீர்க்காவலர் ஆகார். கடைமடை வயலுக்கு நீர் எட்டியதா என்று வரப்பின்மேல் நடந்துபோய்ப் பார்க்கிறவரே பாசனம் அறிந்தவர். வீராணம் ஏரிப் பாசனத்தைக் கண்டு வளர்ந்த கடலூர் மாவட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தொலைநிலைக் கல்வியில் தலைமையின் அளவுகோலும் கடைமடையில்தான் இருக்கிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுள் தில்லிப் பல்கலைக்கழகம் 1962 இல் அஞ்சல்வழிக் கல்வியை முதலில் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971 இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981 இலும் அவ்வழியில் இறங்கின. சிதம்பரத்துக்கு அண்மையில் உள்ள இவ்வட்டாரத்தார்க்கு அண்ணாமலைநகரின் பாட ஏடுகள் நெருங்கிய பழக்கம் உடையவை. நெடுங்காலம் வரை இக்கல்விக்குப் பல்கலைக்கழக வளாகங்களில் மதிப்புக் குறைவாகவே இருந்தது. வகுப்பறையில் இடம் கிடைக்காதவர்க்கான இரண்டாம் தரப் படிப்பு என்று கற்றோரே கருதினர். அதே வேளையில் அதனால் வரும் கட்டண வருவாயைப் பல்கலைக்கழகங்கள் பிற செலவுகளுக்குப் பயன்படுத்தத் தயங்கவில்லை. பணம் தருகிறவர் ஒருவர், மதிப்புப் பெறுகிறவர் வேறொருவர் என்ற இந்த முறைகேட்டை மாற்றுவதற்குத் தனித்தனிப் பல்கலைக்கழகங்களால் இயலவில்லை. இத்துறையில் பணியாற்றுவோர் ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே தரம் வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கேதான் சங்கத்தின் தேவை எழுகிறது.

அத்தகைய சங்கங்களுள் மூத்தது 1938 இல் கனடா நாட்டின் விக்டோரியா நகரில் பிறந்த பன்னாட்டு அஞ்சல்வழிக் கல்விக் கழகம். பள்ளி எட்டாத தொலைவில், மலைகளிலும் பண்ணைகளிலும் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அஞ்சலில் பாடம் அனுப்பிய ஆசிரியர்கள், தாங்கள் தனித்தனியே கண்ட வழிமுறைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடியதே அதன் தொடக்கம். அக்கழகத்தின் உலக மாநாடு 1978 இல் புதுதில்லியில் நடைபெற்றது. 1982 இல் வான்கூவரில் கூடியபோது, அஞ்சல்வழிக் கல்வி என்ற சொல்லை நீக்கித் தொலைநிலைக் கல்வி என்ற சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. பெயரை மாற்றியது வெறும் அலங்காரத்திற்காக அன்று. அஞ்சல் என்பது ஒரு கருவியின் பெயர். வானொலியும் தொலைக்காட்சியும் ஒலிநாடாவும் வந்த பின்னர் அக்கருவி பலவற்றுள் ஒன்றாகிவிட்டது. தொலைவு என்பதோ மாணவரின் நிலையைக் குறிக்கும் சொல். கருவியிலிருந்து மாணவரை நோக்கித் துறையின் கவனம் திரும்பியதை அப்பெயர் மாற்றம் காட்டிற்று.

அதன்பின் ஆசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1987 இல் அமைந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதன் தொடக்க கால உறுப்பினர்களுள் ஒன்று. 1988 இல் காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து காமன்வெல்த் கற்றல் அமைப்பைக் கனடாவில் நிறுவின. முதலிரண்டும் சங்கங்கள், மூன்றாவது அரசுகளின் அமைப்பு. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தையும் இவ்வாறு செய் என்று கட்டளையிடும் உரிமை இவற்றுக்கு இல்லை. ஒரு நாட்டில் எழுதிய நல்ல பாடத்தை இன்னொரு நாட்டுக்குக் காட்டலாம். ஒருவர் செய்த தவற்றை மற்றவர் செய்யாதபடி எச்சரிக்கலாம். தரம் என்றால் என்ன என்று எல்லாரும் அமர்ந்து பேசி எழுதிவைக்கலாம். இலக்கிய வட்டத்தின் தலைவர்க்கு உள்ள அதே வறுமையும் அதே வலிமையும் இச்சங்கங்களின் தலைவர்க்கும் உண்டு.

இப்பின்னணியில் இந்தியாவில் இருவரை நினைவுகூர்தல் வேண்டும். முதல்வர் ஜி. ராம் ரெட்டி. பொது ஆட்சியியல் பேராசிரியர். பஞ்சாயத்து ஆட்சி முறையை ஆராய்ந்தவர். 1982 இல் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தர் ஆனார். இந்தியாவில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு எழுந்த முதல் நிறுவனம் அதுவே. பின்னாளில் அம்பேத்கர் பெயரைத் தாங்கிற்று. முறையான பள்ளிச் சான்று இல்லாதவரும் ஒரு நுழைவுத் தேர்வில் தேறிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்ற வாயிலை அது திறந்தது. 1985 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதற்கும் முதல் துணைவேந்தர் அவரே.

அப்பல்கலைக்கழகம் 1987 இல் தன் கல்விப்பணியைத் தொடங்கியபோது இரண்டே படிப்புகளை வழங்கிற்று. சேர்ந்த மாணவர் 4,528 பேர். இரண்டனுள் ஒன்று மேலாண்மைப் பட்டயம். வேலைவாய்ப்புக் கருதி அதனைத் தேர்ந்தெடுத்தமை எளிதில் விளங்கும். மற்றொன்று தொலைநிலைக் கல்விப் பட்டயம். அதாவது தொலைநிலையில் கற்பிப்பது எப்படி என்பதைத் தொலைநிலையிலேயே கற்பிக்கும் படிப்பு. வீடு கட்டத் தொடங்குமுன் கொத்தரைப் பயிற்றுவித்தது போன்றது இது. இத்துறை தனக்கென ஆசிரியரை உருவாக்கிக்கொள்ளாவிடில், வகுப்பறையில் மீந்த நேரத்தில் செய்யும் வேலையாகவே நின்றுவிடும் என்பதை முன்னறிந்த செயலாக அது தோன்றுகிறது. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் விளங்கிய ராம் ரெட்டி 1995 இல் மறைந்தார்.

இரண்டாமவர் தமிழ் இலக்கிய உலகம் குலோத்துங்கன் என்ற பெயரால் அறிந்த வா.செ. குழந்தைசாமி. இவ்விழாவில் கூடியிருப்போர் பலரும் அவரைக் கவிஞராகவே முதலில் அறிந்திருப்பர். 'வாழும் வள்ளுவம்' என்ற நூலுக்காக 1988 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கரூர் வட்டாரத்தில் வாங்கலாம்பாளையம் என்னும் சிற்றூரில் 1929 இல் பிறந்து, கரக்பூரிலும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் பயின்று, நீரியலில் முனைவர் பட்டம் பெற்றார். பெய்யும் மழைக்கும், அது நிலத்தின்மேல் ஓடிவரும் ஓட்டத்துக்கும் உள்ள உறவே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். பெய்த மழை அனைத்தும் ஆற்றை அடைவதில்லை; இடையில் மண் உறிஞ்சுவது எவ்வளவு, பள்ளத்தில் தேங்குவது எவ்வளவு, வந்து சேர்வது எவ்வளவு, எப்போது என்று கணக்கிடும் இயல் அது. கல்வி நிருவாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்பயிற்சி வேறில்லை என்று தோன்றுகிறது. தலைநகரில் ஒதுக்கப்படும் பணமும் எழுதப்படும் பாடமும் கடைசி மாணவரிடம் எவ்வளவு போய்ச் சேர்கின்றன என்பதும் அதே வகைக் கணக்கே அன்றோ?

1978-79 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும், 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்திலும், 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் அவர் துணைவேந்தராக இருந்தார். இவற்றுள் மூன்றாவது பொறுப்பே பெரிதும் கடினமானது. ராம் ரெட்டி வித்திட்ட நிறுவனத்தை வளர்த்தெடுக்க வேண்டிய காலம் அது. 1991 இல் தூரதர்ஷனின் தேசிய அலைவரிசையில் அப்பல்கலைக்கழகத்தின் பாடங்கள் ஒளிபரப்பாகத் தொடங்கின. அதே ஆண்டில் தொலைநிலைக் கல்விக் குழுமம் அமைக்கப்பட்டது. நாடெங்கும் உள்ள திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனங்களையும் ஒருங்கிணைத்துத் தரம் காப்பது அக்குழுமத்தின் பணி. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் எவரோ அவரே குழுமத்துக்கும் தலைவர் என்பது ஏற்பாடு.

இவ்வேற்பாட்டில் நன்மையும் இருந்தது, இடரும் இருந்தது. தானே பாடம் நடத்தும் நிறுவனம் பிறர்க்கு வழிகாட்டும்போது, அதன் சொல்லில் பட்டறிவின் பலம் இருக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கெனத் தனிநூல் எழுதிப் பணத்தை வீணாக்காமல், நன்றாக எழுதப்பட்ட ஒரு நூலை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற கருத்து வலுப்பட்டது. ஆயினும் பந்தயத்தில் ஓடுகிறவரே நடுவராகவும் நிற்பது நெடுங்காலம் நிலைக்கத்தக்கதன்று. மன்றத்தில் உள்ளவர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த சான்றோராக இருந்த வரையில் அது நடந்தது. மாணவர் தொகை பெருகி, பணமும் பெருகியபோது அந்த ஏற்பாட்டின் மெலிவு வெளிப்பட்டது.

குழந்தைசாமி 1994 இல் அப்பொறுப்பிலிருந்து நீங்கினார். அவர் நீங்கிய பின்னும் அவருடைய எண்ணம் வேறொரு கால்வாயில் பாய்ந்தது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, உலகெங்கும் வாழும் தமிழர்க்கு இணையத்தின் வழியே தமிழ் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2001 இல் தொடங்கப்பட்ட அந்தத் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. தமிழ்ப் பள்ளி இல்லாத நாட்டில் வளரும் குழந்தை எழுத்தறிவு பெறவும், நூலகம் இல்லாத சிற்றூரில் உள்ளவர் பழந்தமிழ் நூல்களை உரையோடு வாசிக்கவும் அது வழி செய்தது. தமிழின் கடைமடை கடல்கடந்தும் இருக்கிறது என்று உணர்ந்தவர் செய்த பணி அது. அவர் 2016 இல் மறைந்தார்.

கடல்கடந்த நாடுகளில் இத்துறைக்கு வாய்த்த தலைமைக்கு மலேசியாவின் கஜராஜ் தனராஜன் சான்று. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம் கடந்த கல்வித்துறையில் பணியாற்றி, ஹாங்காங்கின் திறந்தநிலைக் கற்றல் நிறுவனத்துக்கு இயக்குநராகி, 1995 முதல் 2004 வரை காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவராக இருந்தார். உலக மேடையின் உச்சியில் இருந்தவர் அடுத்து என் செய்தார்? பினாங்கில் புதிதாகத் தோன்றிய வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்க்கான நிறுவனத்தை அடித்தளத்திலிருந்து எழுப்பினார். பதவியின் உயரம் அவருக்குப் பொருட்டாகவில்லை என்பதற்கு அச்செயலே சான்று.

இனித் தலைமை தவறிய இடத்தையும் நோக்குதல் வேண்டும். புகழ்ச்சி மட்டும் சொல்லி முடிப்பது மாணவர்க்குச் செய்யும் நன்றியன்று.

பள்ளிப் படிப்போ இளங்கலைப் பட்டமோ இல்லாமல் வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு நேரே முதுகலையில் சேரலாம் என்ற வசதியைச் சில நிறுவனங்கள் வழங்கின. பட்டமும் கிடைத்தது. 2009 இல் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பட்டம் இன்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டத்தை வேலைக்குரிய தகுதியாக ஏற்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழக அரசும், பள்ளிப் படிப்பை முறையாக முடித்த பின் பெறும் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்று ஆணையிட்டது. நீதிமன்றம் கூறியது சட்டம். அதில் குறை காண இடமில்லை. ஆனால் இரவெல்லாம் கண்விழித்துப் படித்துத் தேறிய ஒருவர், தம் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அது எங்கும் செல்லாது என்று அறிந்த நாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் செய்த தவறு என்ன? தமக்குமேல் உள்ளவர் சரிபார்த்திருப்பர் என்று நம்பியதே.

2017 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு இதனினும் கடியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, உரிய முன் ஒப்புதல் இல்லாமலே பொறியியலைத் தொலைநிலையில் நடத்தியிருந்தன. பொறியியல் என்பது ஆய்வுக்கூடத்தில் கைப்படச் செய்து கற்க வேண்டிய படிப்பு. சேர்க்கை நடந்து முடிந்த பின்னர்த் தொலைநிலைக் கல்விக் குழுமம் அவற்றுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் வழங்கியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேறினால் மட்டுமே மீளும் என்றாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் அடியோடு செல்லாதவை ஆயின. பத்தாண்டுகளுக்கு மேலாக அப்பட்டத்தைக் கொண்டு பதவி உயர்வு பெற்றுப் பணிபுரிந்த நடுவயதினர், மறுபடியும் தேர்வு எழுத நேர்ந்தது.

அக்குழுமம் இத்தீர்ப்புக்கு முன்னரே, 2013 இல் கலைக்கப்பட்டுவிட்டது. மாதவ மேனன் தலைமையில் அமைந்த குழு இத்துறையின் நெறிமுறையை ஆராய்ந்து பரிந்துரை வழங்கிய பின், பொறுப்பு முழுவதும் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் சென்றது. ஓடுகிறவரும் நடுவரும் பிரிக்கப்பட்டனர். இப்பொழுது விதிகள் கடுமையாக உள்ளன. பொதுவாகப் படிப்புகளுக்கு முன்னரே ஒப்புதல் பெறுதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் வகுப்பறைப் பட்டத்துக்கு நிகரானது என்று மானியக் குழு 2022 இல் வெளிப்படையாக அறிவித்தது. அரை நூற்றாண்டாக வேண்டப்பட்ட சம மதிப்பு விதியளவில் வந்துவிட்டது. விதி வந்தது போதாது. வேலை தருவோர் மனத்திலும் அது வர வேண்டும். அதனை எந்த ஆணையாலும் செய்ய இயலாது. நல்ல பாடமும் நேர்மையான தேர்வும் தரும் மாணவர்களே அதனைச் செய்ய வல்லவர்.

இங்கே புதிய கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு கருவி வரும்போதும் கல்வியின் துன்பம் தீர்ந்தது என்ற முழக்கம் எழுகிறது. 1975-76 இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியே ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. உலகமே வியந்த சோதனை அது. ஓராண்டு முடிந்ததும் இரவல் செயற்கைக்கோள் திரும்பிப் போயிற்று. ஊர்களில் ஒளிபரப்பும் நின்றது. 1984 இல் மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை தொலைக்காட்சியில் வந்தது. 2004 இல் கல்விக்கெனவே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017 இல் ஸ்வயம் இணையத்தளமும், 2019 இல் தமிழகத்தில் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டன. 2020 இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தொலைநிலைக் கல்வி என்பது வேறு யாருக்கோ உரியது என்று எண்ணியிருந்த அனைவர் வீட்டுக்கும் அது வந்துவிட்டது. அன்று ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படித்தனர். கைப்பேசியே இல்லாத வீட்டுப் பிள்ளை படிப்பை விட்டது.

இவ்வரலாறு சொல்வது ஒன்றே. கருவி கால்வாய் போன்றது. கால்வாயை அகலமாக வெட்டுவது நல்லதே. ஆயினும் அகன்ற கால்வாயில் தலைமடைக்காரரே மேலும் நீர் எடுத்துக்கொள்வதும் உண்டு. எனவே புதிய கருவி வரும்போது தலைமையில் இருப்போர் கேட்க வேண்டிய முதல் வினா, இக்கருவி யாருக்கு எட்டாது என்பது. வேகமாக எட்டும் மாணவரைக் காட்டிப் பெருமை கொள்ள எப்போதும் ஆள் இருப்பர். எட்டாதவரை எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டும். இத்துறையின் சங்கங்கள் அந்த ஒருவராக இருக்கக் கடமைப்பட்டவை.

இவ்வளவும் தொகுத்து நோக்கினால், முகம் காணாத மாணவர்க்குத் தலைமை தாங்குவோர்க்குச் சில கடமைகள் புலப்படுகின்றன. தம் நிறுவனத்தின் குறையைப் பிறர் சுட்டும் முன்னர்த் தாமே சுட்டும் துணிவு வேண்டும். சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டிலும் முடித்து வெளியேறியோர் எண்ணிக்கையை முதலில் கேட்கும் வழக்கம் வேண்டும். ராம் ரெட்டி தொடங்கியதைக் குழந்தைசாமி வளர்த்ததைப் போல, அடுத்து வருவோர்க்குச் செப்பமாக ஒப்படைத்துச் செல்லும் மனமும் வேண்டும். வள்ளுவர் ஆட்சிக்குரிய திறங்களுள் ஒன்றாகத் தெரிந்து வினையாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். தக்காரைத் தேர்ந்து அவரிடம் பொறுப்பை விட்டுவிடும் கலை அது. பதவியை விடாமல் பற்றிக்கொள்வதைத் தலைமை என்று எண்ணுவோர் அவ்வதிகாரத்தை ஒருமுறை வாசித்தல் நலம்.

இதற்கெல்லாம் எடுத்துக்காட்டுத் தேடிக் கனடா வரை போக வேண்டியதும் இல்லை. நெய்வேலிக்கு அருகே வடலூர் இருக்கிறது. 1865 இல் இராமலிங்க அடிகளார் ஒரு சங்கத்தை நிறுவினார். 1867 இல் தருமசாலையில் அடுப்பை மூட்டினார். மூட்டியவர் 1874 இல் மறைந்தார். அடுப்பு இன்றும் அணையவில்லை. விறகு இட்டவர், அரிசி சுமந்தவர், நள்ளிரவில் எழுந்து தணலைப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவ்வடுப்பில் சமைத்த உணவை உண்பவரை யாரென்று கேட்கும் வழக்கமும் அங்கே இல்லை. முகம் அறியாதார் பசிக்கு முன்கூட்டியே சோறு ஆக்கிவைப்பது அங்கே நாள்தோறும் நடைபெறுகிறது. கல்வியிலும் பசி உண்டு.

பத்தாண்டு நிறைவு செய்யும் இவ்விலக்கிய வட்டத்துக்கு ஒரு வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகிறது. மாதந்தோறும் கூடும் இவ்வரங்கில், இரவுப்பணி முடித்துப் பாடநூல் திறக்கும் தொழிலாளிக்கும், முப்பது வயதுக்குமேல் பட்டப்படிப்பில் சேர்ந்துள்ள தாய்மார்க்கும் ஓர் இடம் ஒதுக்கப்படட்டும். ஒப்படைப்பை எழுதுமுன் கேட்டுத் தெளிய ஒரு தமிழாசிரியர், விண்ணப்பிக்குமுன் இப்படிப்புக்கு ஒப்புதல் உண்டா என்று பார்த்துச் சொல்ல ஓர் இளைஞர், பழைய பாடநூல்களை அடுத்தவர்க்குக் கொடுக்க ஓர் அலமாரி இருந்தால் போதும். பெரிய சங்கங்கள் தலைநகரங்களில் மதகைத் திறக்கின்றன. கடைமடையில் மண்வெட்டியோடு நிற்பதற்கு இத்தகைய சிறிய சங்கங்களே உரியவை. இவ்வட்டம் அப்பணியை மேற்கொண்டு பல்லாண்டு வாழ்க!